உடன் வருபவர்

ராஜா அண்ணாமலைபுரம், சென்னை
15 ஜூன் 2025

அன்புள்ள ரெனி,

மரியே வாழ்க. நான் சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மலைக்குளிரில் முப்பத்தொரு வருடமாக மண்டியிடுகிறாய். முட்டி என்ன இரும்பா? மடத்தில் மதருக்கும் சகோதரிகளுக்கும் என் வணக்கம். உனக்கு வரும் கடிதத்தை மதர்தான் முதலில் படிப்பார் என்பதால் அவருக்குத் தனியாக இன்னொரு வணக்கம்.

பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆயிற்று. என்னோடு சேர்த்து மூன்று டீச்சர், நாற்பத்தொரு பிள்ளைகள். எல்லாம் கடற்கரைக் குப்பத்துப் பிள்ளைகள். வரும் மே மாதம் எனக்கு ஓய்வு. இருபத்திரண்டு வருடத் தலைமையாசிரியை வேலை அதோடு முடிகிறது.

"நம்ம ஸ்கூலை நடத்துறது ஆண்டவர்" என்று பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொல்கிறார். உண்மைதான். ஆனால் ஆண்டவர் அறக்கட்டளைகள் வழியாக நடத்துகிறார், அவர்களுக்கு விண்ணப்பம் எழுதுகிறவள் நான். ஷூவும் பையும் ஒரு அறக்கட்டளை, தண்ணீர் வடிகட்டி இன்னொன்று. பல் முகாம் ஒருவர், கண் முகாம் ஒருவர். சுவருக்கு மட்டும் மூன்று கம்பெனிகள் போட்டி. போன வருடம் ஜூலையில் ஒரு கம்பெனிக்காரர்கள் பனியன் போட்டுக்கொண்டு வந்து டால்பின் வரைந்தார்கள். செப்டம்பரில் வேறொரு கம்பெனி வந்து டால்பின்மேல் ராக்கெட் வரைந்தது. ஜனவரியில் ராக்கெட்மேல் ஆலமரம். பெயின்ட் கனத்தில் சுவர் ரோட்டுக்கு வந்துவிடும் போலிருக்கிறது. கூரை ஒழுகுவதை நான்கு வருடமாகச் சொல்கிறேன். கூரை போட்டோவில் விழாது போல.

எல்லாரும் தவறாமல் கேட்பது பிள்ளைகள் கைப்பட ஒரு நன்றிக் கடிதம். ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொடுத்து மாளாது என்று நானே ஒன்று எழுதிக் கரும்பலகை ஓரத்தில் நிரந்தரமாக வைத்துவிட்டேன்:

'மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, நாங்கள் நலம். தாங்கள் அன்புடன் அளித்த ______ கிடைத்தது. அது நல்ல நிலையில் உள்ளது. அதை நாங்கள் தினமும் பயன்படுத்துகிறோம். தங்களுக்கு எங்கள் நன்றி.'

கோடிட்ட இடத்தில் பொருளை நிரப்பினால் போதும். போன வருடம் டில்லிபாபு என்ற பையன் 'பூச்சி மாத்திரை' என்று நிரப்பி அனுப்பிவிட்டான். தினமும் பயன்படுத்துகிறார்களாமே என்று அங்கிருந்து அலறிக்கொண்டு போன் வந்தது.

இன்று ஞாயிறு, போன் ஓய்ந்திருக்கிறது. என்னைக் கூப்பிடுகிறவர்கள் அறக்கட்டளைக்காரர்கள்தான், அவர்களுக்கு ஞாயிறு விடுமுறை. பூசை முடிந்து வந்து நேற்றைய குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிட்டேன். உனக்கு எழுதி முடித்தால் இன்றைய பொழுது போய்விடும்.

உன் அக்கா
நோரா


கார்மேல் மடம்
10 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

இறைவன் உன்னோடு இருப்பாராக. முட்டி அதன்பாட்டுக்கு வலிக்கிறது, நான் என்பாட்டுக்கு மண்டியிடுகிறேன். இருவருக்கும் சமாதானம்.

சுவர் கதையைச் சாப்பாட்டு நேரத்தில் வாசிக்கும்படி மதர் சொன்னார். மௌனமாகச் சாப்பிட வேண்டிய இடத்தில் பதினாறு பேரும் தோள் குலுங்கச் சிரித்தோம். இங்கே சொல்ல அதிகமில்லை. பூசைக்கான அப்பம் சுடும் இயந்திரம் பழுதாகி, சரியாகிவிட்டது. தோட்டத்தில் அவரைக்கொடி காய்க்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். நீ ஊசி எழுத்துக்காரி. அரைப் பக்கத்தில் உலகத்தையே எழுதி முடிப்பாய். இந்தத் தடவை ஒரு வரிக்கு ஐந்து வார்த்தைதான் இருக்கிறது, அதுவும் கோட்டைவிட்டு இறங்கிப் போகிறது. புதுப் பேனாவா?

மே மாதத்துக்குப் பிறகு என்ன செய்யப் போகிறாய் என்று நீ எழுதவில்லை.

உன் தங்கை
ரெனிட்டா


ராஜா அண்ணாமலைபுரம்
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ரெனி,

நலம். நீயும் நலமாக இரு. பேனா புதிதுதான். அறக்கட்டளைப் பேனா, தடிமனாக எழுதுகிறது.

போன வாரம் கண் முகாம் நடந்தது. உனக்கு என்னைத் தெரியும். வருகிறவர்கள் முன்னால் என் பிள்ளைகள் திருதிருவென்று முழித்தால் எனக்குத் தாங்காது. பாட்டு, பெயர், நன்றி எல்லாம் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிடுவேன். கண் பார்க்கிற எழுத்து அட்டையைப் போன வருடம் அவர்கள் இங்கேயே விட்டுப் போயிருந்தார்கள். ஒரு வாரம் காலை ஜெபத்துக்குப் பிறகு அதையும் ஒப்பிக்க வைத்தேன், கடைசி வரிவரை.

நாற்பத்தொரு பேரும் பாஸ்! சோதிக்க வந்த உபைத் தம்பி அசந்துபோனார். "மேடம், ஒரு பிள்ளைக்குக்கூடக் கண்ணாடி வேணாம்னா இந்த ஸ்கூல் ஒண்ணுதான். மீன் சாப்பிடுற கண்ணு!" என்றார். "நீங்களும் ஒக்காருங்க மேடம்" என்று சிரித்தார். நானும் உட்கார்ந்து கடைசி வரிவரை சொன்னேன்.

ஐந்தாம் வகுப்பு ஏஞ்சல் மூச்சுவிடாமல் சொன்னாள். பெயர்தான் ஏஞ்சல், ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீடு. அவள் அம்மா கோவிந்தம்மா லூப் ரோடு மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். இந்தப் பெண் ஒப்பிப்பதில் கெட்டி, எழுதுவதில் மந்தம். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்க்கிறாள். இரண்டு தடவை வெளியே நிற்க வைத்தேன்.

மே மாதத்தைப் பற்றி மே மாதத்தில் யோசிக்கலாம்.

உன் அக்கா
நோரா


கார்மேல் மடம்
8 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா,

இன்று மாதாவின் பிறந்தநாள். உன்னை நினைத்துக்கொண்டேன்.

எனக்கு ஏழு வயதில், பூசையில் முதன்முதலாக நன்மை அப்பம் வாங்குவதற்கு மந்திரமெல்லாம் நீதான் சொல்லிக்கொடுத்தாய். சாமியார் என்னைக் கூப்பிட்டு உன் பெயர் என்னம்மா என்றார். "நம்மைப் படைத்தவர் சர்வேசுரன்" என்று ஒரே மூச்சில் சொன்னேன். நினைவிருக்கிறதா? நீ என் முதுகில் வைத்த கிள்ளு எனக்கு நினைவிருக்கிறது.

அந்தப் பெண்ணை முதல் வரிசையில் உட்கார வைத்துப் பார்.

இன்னொன்று. அந்த அட்டையை நீ படித்தாயா, ஒப்பித்தாயா?

ரெனிட்டா


ராஜா அண்ணாமலைபுரம்
19 அக்டோபர் 2025

அன்புள்ள ரெனி,

சுகம்தானே? போன மாதம் நான் எழுதவில்லை. வெட்கமாக இருந்தது.

ஏஞ்சலை முதல் வரிசையில் உட்கார வைத்தேன். பலகையில் இருந்ததை ஒரு புள்ளி விடாமல் எழுதினாள். அவளுக்கு மந்தம் கண்ணில்தான் என்று அப்போதுதான் புரிந்தது. உபைத் தம்பிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அவர் வேறு அட்டை எடுத்துக்கொண்டு வந்தார். ஏழு பிள்ளைகளுக்குக் கண்ணாடி வேண்டும். ஏஞ்சலுக்கு இரண்டாவது வரியே தெரியவில்லை.

கோவிந்தம்மாவை வரவழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவள், "இன்னா டீச்சர் நீ! இது போர்டு தெரில, போர்டு தெரிலன்னு ஒரு வருசமா சொல்லிகினே கீது. டீச்சரே பாசுன்னு எழுதிட்டாங்கோ, நீ டபாய்க்கிறியான்னு நான்தான் முதுவுல ரெண்டு வச்சேன்" என்றாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போகும்போது பையில் நாலு துண்டு வஞ்சிரம் வைத்துவிட்டுப் போனாள். அதைக் குழம்பு வைத்து, சாப்பிட முடியாமல் அழுதேன்.

கண்ணாடி வந்த அன்று ஏஞ்சல் பள்ளி வாசலில் நின்று சுவரையே பார்த்தாள். "டீச்சர், மரத்துக்குக் கீழ ஒரு டால்பின் கீது டீச்சர்!" என்று கத்தினாள். எல்லாப் பிள்ளைகளும் ஓடிப்போய்ப் பார்த்து ஆமாம் ஆமாம் என்றார்கள். நானும் போய்ப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

உபைத் தம்பி என்னையும் புது அட்டைக்கு முன்னால் உட்காரச் சொன்னார். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

உன் அக்கா
நோரா


கார்மேல் மடம்
22 நவம்பர் 2025

அன்புள்ள அக்கா,

உன் உடம்புக்கும் மனதுக்கும் சுகம் கேட்கிறேன். முப்பதாம் தேதி திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் வரை இங்கிருந்து கடிதம் போகாது. வருவதையும் மதர் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிடுவார். அதனால் சுருக்கமாகக் கேட்கிறேன்.

பிள்ளைகளிடம் செய்த தவறை ஒளிக்காமல் எழுதினாய். பெருமையாக இருந்தது. ஆனால் நாற்பத்தொரு பேருக்கும் தெரிகிற டால்பின் உனக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

ரெனிட்டா


ராஜா அண்ணாமலைபுரம்
26 டிசம்பர் 2025

அன்புள்ள ரெனி,

உனக்கும் மடத்தில் எல்லாருக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள்.

இங்கே ஒரே வாரத்தில் ஐந்து கிறிஸ்துமஸ் தாத்தாக்கள் வந்தார்கள், அறக்கட்டளைக்கு ஒருவர். அதில் யார் நிஜம் என்று ஒன்றாம் வகுப்பில் சண்டை. "யாரு பெரிய கேக்கு குடுத்தாரோ அவருதான்" என்று டில்லிபாபு தீர்ப்பு சொன்னான். ஐந்து தடவை ஒரே பாட்டு, ஐந்து தடவை போட்டோ, இருநூற்றைந்து நன்றிக் கடிதங்கள்.

நேற்று காலைப் பூசைக்குப் போனேன். கோவிலில் எல்லாரும் கைகொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, மேலே அறக்கட்டளை பெயர் எழுதிய கேக்கை வெட்டினேன். ஒரு துண்டு தின்றேன். மீதியைக் கீழ்வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று போனேன். அவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். பிறகு போன் எதுவும் வரவில்லை.

உன் கேள்விக்குப் பதில்: டால்பின் சின்னது.

நோரா


கார்மேல் மடம்
20 ஜனவரி 2026

அன்புள்ள அக்கா,

புத்தாண்டு உனக்கு நல்லதைச் செய்யட்டும். தபால்தலையைத் தலைகீழாக ஒட்டியிருந்தாய். உறைமேல் எங்கள் மடத்தின் பெயர் இரண்டு தடவை, ஒன்றின்மேல் ஒன்று. உங்கள் சுவர் மாதிரி.

என்னால் வெளியே வர முடியாது. அதனால்தான் நீ சொல்லவில்லை. சொல்லிக்கொள்வதற்குக்கூடவா நான் இல்லை?

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 18. ஈஸ்டர் வரை மறுபடியும் கடிதம் கிடையாது. அதற்குள் எழுது, அக்கா. பதில் எழுத எனக்கு ஒரு நாளாவது விடு.

ரெனிட்டா


ராஜா அண்ணாமலைபுரம்
17 பிப்ரவரி 2026

அன்புள்ள ரெனி,

நாளை சாம்பல் புதன். இதை நாளை தபாலில் போடுவேன். ஏப்ரல் ஐந்தாம் தேதி ஈஸ்டர். அதுவரை இது மதரின் அலமாரியில் கிடக்கும். நாள் பார்த்துத்தான் எழுதுகிறேன். உன் பதில் வராது என்று தெரிந்தால்தான் எனக்கு எழுத வருகிறது. நலம் விசாரிப்பெல்லாம் இந்தத் தடவை வேண்டாம்.

வேலை இருக்கிறது என்று உபைத்திடம் சொன்னதாக எழுதினேனே, அது பொய். பிள்ளைகள் போன பிறகு உட்கார்ந்தேன். "எழுத்த விடுங்க மேடம், அட்டை எங்க இருக்குன்னு காட்டுங்க" என்றார். நான் ஜன்னலைக் காட்டினேன். இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடுமாம். அவர்கள் ஆஸ்பத்திரியிலேயே செய்கிறார்கள், ஒரு ஃபாரம் கொடுத்தார். பெயர், வயது, விலாசம் எல்லாம் பெரிய எழுத்தில் நிரப்பினேன். கடைசியில் இரண்டு கட்டம். உடன் வருபவர் பெயர். உறவு. கூட ஆள் இல்லாமல் உள்ளே எடுக்கமாட்டார்கள். பிறகு ஒரு வாரம் வீட்டில் இருந்து சொட்டுமருந்து விட வேண்டும்.

ஃபாரம் நாலு மாதமாக என் பையில் இருக்கிறது. அசோக் நகரில் இருக்கும் பெரியப்பா மகன் பிலிப் அண்ணனுக்குப் போன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தன் சர்க்கரை அளவைச் சொல்ல ஆரம்பித்தார். வைத்துவிட்டேன். டீச்சர்கள் இரண்டு பேருக்கும் கைக்குழந்தை. கோவில் ஆட்களைக் கேட்டால் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் என்னைப் பாவம் பார்ப்பார்கள். இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்காக யார் யாரிடமோ வெட்கமில்லாமல் கேட்டேன். எனக்கென்று கேட்க வாய் வரவில்லை ரெனி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ மடத்துக்குப் போன அன்று நான் ஸ்டேஷனுக்கு வரவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் என்றேன். அம்மா நன்றாகத்தான் இருந்தாள். எனக்குக் கோபம். ரெனிட்டா ஆண்டவருக்காக எல்லாவற்றையும் விட்டாள் என்று ஊரே சொன்னது. விட்டதில் நானும் ஒருத்தி. அப்பாவையும் அம்மாவையும் கடைசிவரை பார்த்தது நான். எனக்கு வந்த இரண்டு வரன்களையும் திருப்பி அனுப்பியது அதற்காகத்தான். நீ எங்களுக்காக ஜெபிக்கிறேன் என்று எழுதுவாய். ஜெபம் வந்து சொட்டுமருந்து விடுமா?

நேற்று அந்தக் கட்டத்தில் ரெனிட்டா என்று எழுதினேன். உறவு: தங்கை. ஒரு நிமிடம் நன்றாக இருந்தது. பிறகு உன் பெயரை அடித்துவிட்டேன்.

நோரா


கார்மேல் மடம்
2 மார்ச் 2026

பெறுநர்: கோவிந்தம்மா அவர்கள், மீன் மார்க்கெட், லூப் ரோடு, சென்னை
(ஏஞ்சல் படித்துக் காட்டவும்)

அன்புள்ள கோவிந்தம்மா,

உங்களுக்கும் ஏஞ்சலுக்கும் நலம் உண்டாகட்டும். நாம் பார்த்ததில்லை. நான் நோரா டீச்சரின் தங்கை. மடத்தைவிட்டு வெளியே வராத சகோதரிகளில் ஒருத்தி. தவக்காலத்தில் நாங்கள் கடிதம் எழுதுவது வழக்கமில்லை, வந்ததைப் பிரிப்பதும் இல்லை. இந்தத் தடவை உறைமேல் அக்கா எழுதியிருந்த கோணல் விலாசத்தைப் பார்த்து எங்கள் மதர் மனம் கேட்காமல் பிரித்துவிட்டார். படித்துவிட்டு என் அறைக்கே வந்தார். "தபசு பிறகு இருக்கட்டும், பேனாவை எடு" என்றார்.

என் அக்காவுக்கு இரண்டு கண்ணும் தெரியவில்லை. உங்கள் பெண்ணுக்குக் கண்ணாடி கொடுத்த அதே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்வார்கள். கூட வர ஆள் இல்லாமல் நாலு மாதமாக ஃபாரத்தைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறாள். அவள் ஒருநாளும் கேட்கமாட்டாள். அதனால் நான் கேட்கிறேன். விண்ணப்பம் எழுதிப் பழக்கமில்லை, குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் அன்று ஒருநாளும், அதன்பின் ஒரு வாரமும் அவளோடு இருக்க முடியுமா? உங்களுக்குக் கடை இருக்கிறது, ஒருநாள் போனால் ஒருநாள் பிழைப்பு போகும் என்பது தெரியும். திருப்பித் தர என்னிடம் ஒன்றுமில்லை. உங்கள் பெண்ணுக்கு என் அக்கா செய்ததும் எனக்குத் தெரியும். நீங்கள் மாட்டேன் என்றால் நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

இத்தனை வருடம் ஜெபிக்கிறேன் என்று மட்டும் எழுதி முடித்துக்கொண்டேன். இந்தத் தடவை அப்படி முடிக்க முடியவில்லை.

ரெனிட்டா


ராஜா அண்ணாமலைபுரம்
29 மார்ச் 2026

மதிப்பிற்குரிய அம்மா,

நாங்கள் நலம். தாங்கள் அன்புடன் அளித்த கடிதம் கிடைத்தது. அது நல்ல நிலையில் உள்ளது. கொஞ்சம் மீன் தண்ணி மட்டும் பட்டுவிட்டது.

நான்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா மீன் கூடையைப் பக்கத்துக் கடையில் வைத்துவிட்டு நேராக ஸ்கூலுக்கு வந்தது. "இன்னா டீச்சர், எங்களாண்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டியா நீ? நாங்கோ இன்னா செத்தா பூட்டோம்?" என்று கேட்டது. டீச்சர் முதலில் உங்களைத்தான் திட்டினார்கள். அப்புறம் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அம்மா கதவாண்டயே உட்கார்ந்திருந்தது. ஸ்கூல் விட்டு ரொம்ப நேரம் கழித்து டீச்சர் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். மூக்கு சிவப்பாக இருந்தது.

உடன் வருபவர் என்ற கட்டத்தில் ஒரு பெயரை அடித்திருந்தது. அதுக்கு மேலே இருந்த கொஞ்சம் இடத்தில் கோவிந்தம்மா என்று நான் எழுதினேன். உறவு என்ற கட்டத்தில் தங்கை என்று அடிக்காமல் இருந்தது. இதை அடிக்கட்டுமா என்று கேட்டேன். "அது இருக்கட்டும் வுடு" என்று அம்மா சொன்னது.

போன வெள்ளிக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை வலது கண் ஆபரேஷன் நடந்தது. நர்ஸ் அக்கா ஃபாரத்தைப் பார்த்துவிட்டு, கூடப் பிறந்தவங்களா என்று கேட்டார்கள். அம்மா ஆமா என்றது. டீச்சரும் ஆமா என்றார்கள்.

நாங்கள் ஒரு வாரத்துக்கு மேலாக டீச்சர் வீட்டில்தான் இருக்கிறோம். வீடு முழுக்க மீன் வாசனை என்று டீச்சர் குறை சொல்கிறார்கள். அம்மா நாளைக்குக் கிளம்பலாமா என்றால் இன்னும் கண் உறுத்துகிறது என்கிறார்கள். நேற்று கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஸ்கூல் சுவரைப் பார்க்கப் போனோம். டீச்சர் ரொம்ப நேரம் பார்த்தார்கள். டால்பினுக்கு மேலே ராக்கெட்டும் தெரிகிறதாம். இடது கண் அடுத்த மாதம். அதுக்கும் அம்மாதான் வரும்.

இப்போது டீச்சர் மத்தியானம் தூங்குகிறார்கள். முழித்தால் திருத்துவார்கள். அதனால் கரும்பலகையில் இருந்ததைப் பார்க்காமலே சரியாக எழுதி முடிக்கிறேன்.

தாங்கள் அன்புடன் அளித்த நோரா டீச்சர் கிடைத்தது. அது நல்ல நிலையில் உள்ளது. அதை நாங்கள் தினமும் பயன்படுத்துகிறோம். தங்களுக்கு எங்கள் நன்றி.

இப்படிக்கு
ஏஞ்சல்
ஐந்தாம் வகுப்பு